பாட்டில்களில் வந்த நல்ல தண்ணீர்

ரப்பர்ப் பந்தை அமுக்கி ஊதுகிற ஹார்ன் அது. போம்ப், போம்ப் என்று இரண்டு தடவை. கொஞ்ச தூரம் போய் மறுபடி இரண்டு தடவை. கண்ணைத் திறக்காமலே நான் மலேசியாவில், ஈப்போவில் இருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். பின்னால் கட்டிய பெட்டிக்குள் தேங்காய்ப் பன் வியர்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா சில்லறையைத் தேடிக்கொண்டே "போயிடாதீங்க, போயிடாதீங்க" என்று உள்ளிருந்து கத்துகிறார்.

கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேல் பழக்கமில்லாத மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே யானைமலை. அதன் அடியில், மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையின் புது வீடுகளுக்கு நடுவே, நீலக் கேன்கள் அடுக்கிய குட்டி லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. விற்பது ரொட்டி இல்லை, தண்ணீர்.

முன்பெல்லாம் புது ஊர் என்றால் எனக்கு முன்னால் என் கால்கள் எழுந்து நிற்கும். இப்போது ஐம்பது நெருங்குகிறது. செருப்பை மாட்டும்போதே, இன்னொன்றா என்று கேட்கின்றன.

குடிதண்ணீரில் கலந்திருக்கும் நச்சு வேதிப்பொருள்களை ஆராயும் திட்டம் ஒன்றை ஒருங்கிணைப்பது என் வேலை. ஆராய்கிறவர்கள் வேறு. பாட்டில் போய்ச் சேர்ந்ததா, ஐஸ் உருகிவிட்டதா, ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் கூட்டம் வைத்துவிட்டாரா என்று பார்ப்பவள் நான். மலேசியாவில் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் சில, மதுரையைச் சுற்றிய கிராமங்கள் சில. திட்டத்தின் தலைவர் வட ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பேராசிரியர். குழாயைத் திறந்து அப்படியே வாயை வைத்துக் குடிக்கும் நாடு அது. தண்ணீரைப் பற்றி அவ்வளவு நிதானமாகக் கவலைப்பட அவரால் முடிவதே அதனால்தான் என்று சில சமயம் தோன்றும்.

இந்தத் தடவை வந்த காரியம் சின்னது. ஆனால் செய்ய மனம் வராதது. மதுரைக்கு மேற்கே, நாகமலையைத் தாண்டிய சமவெளியில் ஒரு தெரு. தெரு முழுவதற்கும் ஒரே போர், ஒரே தொட்டி. அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு, நடுவயதைத் தாண்டியவர்களுக்கு முட்டி மடங்காது. ஆனால் வீடு வீடாக வாங்கிய பாட்டில்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, எல்லாவற்றிலும் குற்றமில்லாத தண்ணீர். திட்டத்தின் அடுத்த கட்டத்தில், தண்ணீர் கெட்டுப்போன ஊர்களின் தொட்டியில் வடிகட்டி வைக்கப்போகிறோம். சுத்தமான தெருவுக்கு வடிகட்டி எதற்கு? வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்தத் தெருவைக் கழித்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். "அதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லிவிடு, அதுதான் மரியாதை" என்றார் பேராசிரியர். மரியாதையான வேலைகள் எல்லாம் ஏனோ என் பக்கம்தான் வரும்.

திங்கள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் போனது. கல்லூரியின் பின்கட்டில், வேப்ப மரத்தடியில் இருக்கிறது அது. உள்ளே போனதும் மூக்கில் அமிலம் ஏறும். வெளியே வந்ததும் வேப்பம்பூ. எங்கள் களப்பணியாளர் ஜோதி அங்கே காத்திருந்தாள். வேதியியல் படித்தவள், முப்பது வயது, ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே பேசுவாள்.

"பாட்டில முதல் நாள் சாயந்தரமே குடுத்துருவோம் மேடம். காலைல எந்திரிச்சதும் அவங்களே குழாயத் திறந்து மொதத் தண்ணியப் புடிச்சு வெச்சுருவாங்க. நம்ம கையே படாது."

கை படக்கூடாது என்பது எங்கள் விதி. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதிய விதி. இரவு முழுக்கக் குழாயில் தங்கிய தண்ணீரில்தான் உலோகங்கள் இறங்கியிருக்கும், அதனால் விடிகாலையில் வீட்டுக்காரரே பிடிப்பது நல்லது. காகிதத்தில் அது அழகாகவே இருந்தது.

மாலையில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள், தலையில் காடு முளைத்தவை. பெரும்பாலான சாயங்காலங்களில் மழை வந்து அவற்றைக் கழுவிவிட்டுப் போகும். இங்கே இந்த ஒற்றைப் பாறை யானை முன்னங்காலை நீட்டிப் படுத்துக் கிடக்கிறது, கழுவ ஆளில்லை. பாறை உறுதியானது என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். மண்ணுக்கடியில், யாரும் பார்க்காத இருட்டில், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குத் தன்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கொடையைத்தான் நாங்கள் ஃபுளோரைடு என்று எழுதுகிறோம்.

செவ்வாய்க்கிழமை நானும் ஜோதியும், திட்டத்துக்கு வாடகைக்கு ஓடும் முருகேசனின் வேனில் கிளம்பினோம். ஊரைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். காளவாசல் சந்திப்பு வரை நன்றாக வந்த வேன், சிக்னலில் பச்சை விழுந்ததும் நின்றுவிட்டது. கியர் விழவில்லை. நாலு பக்கமும் ஹார்ன். பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"என்ன மாப்ள, நடுரோட்டுல பால் காய்ச்சிட்டியா?"

"காய்ச்சிட்டேண்ணே, மொய் எழுதிட்டுப் போங்க!" என்றார் முருகேசன், கியரை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே. பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, இது வண்டி இல்ல, எங்க மாமனாரு. எதாச்சும் வாங்கிக் குடுத்தாத்தேன் நகரும்."

ஈப்போவில் இப்படி நடுச்சாலையில் நின்றால் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மனசுக்குள் திட்டுவார்கள். இங்கே வாயால் திட்டிவிட்டு, இறங்கி வந்து தள்ளினார்கள். ஷேர் ஆட்டோக்காரரும்தான். ஓரமாக ஒதுக்கி, ஒரு மெக்கானிக் படுத்து எழுந்து, எப்படியோ இரண்டாவது கியரிலேயே நாகமலையைச் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம்.

அந்தத் தெரு சுத்தமாக இருந்தது. சிமெண்ட் ரோடு, சுண்ணாம்பு அடித்த தொட்டி, வாசலுக்கு வாசல் கோலம். நாங்கள் போன வீடு பாண்டியம்மாளுடையது. அவருக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் திருப்புகிறார், கதவு திரும்புவதுபோல. பத்து வருடமாக அப்படித்தானாம். அவருடைய மகள் கவிதா நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிற வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நெல்லிக்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க தாயி, வாங்க. மலேசியாவுலருந்தா? அம்புட்டுத் தொலைவுலருந்து எங்க தண்ணியப் பாக்கவா வந்தீக?"

கழுவித் துடைத்த எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் வந்தது. குடித்தேன். ருசியே இல்லாத, வாயில் நிற்காத தண்ணீர். ஆய்வுக்கூடம் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். களைத்துப்போனவருக்கு, ஏற்கெனவே எடுத்த முடிவு சரி என்று தெரிவதில் ஒரு சுகம் இருக்கிறது.

சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாண்டியம்மாள் முந்திக்கொண்டார்.

"தொட்டியில பில்டரு வருதுன்னு ஜோதி சொல்லுச்சு. அதை நம்பித்தேன் இவளைப் பேறுகாலத்துக்குக் கூட்டியாந்தேன். இவ மாமியா அனுப்பவே மாட்டேன்னுருச்சு. உங்க தெருத் தண்ணியக் குடிச்சா எம்பேரப்பிள்ளை பொறக்கணும்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுப்புடுச்சு. பில்டரு வருதுன்னு சொல்லி, ஆஸ்பத்திரி டாக்டரு சொன்ன மாதிரி பாத்துக்குவேன்னு சொல்லி, சண்டை போட்டுக் கூட்டியாந்துருக்கேன். எப்ப வரும் தாயி?"

கவிதா நெல்லிக்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் ஊரிலும் உண்டு. அங்கே இப்போது பாதிப்பேர் அதை விட்டுவிட்டார்கள். இங்கே அதற்காக இரண்டு குடும்பங்கள் தண்ணீரை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கின்றன.

"வியாழக்கிழமை தெரிஞ்சிடும்" என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

"நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுல ஒரு வாய் சாப்புட்டுப் போகணும்" என்றார் பாண்டியம்மாள். சொல்லிவிடுவதற்கு இன்னொரு நாள் கிடைத்தது என்று ஒத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் ஜோதி சாவியைச் சுழற்றவே இல்லை.

புதன்கிழமை வேன் பட்டறையில் படுத்துக்கொண்டது. நானும் ஜோதியும் பஸ்ஸில் கிளம்பினோம். பக்கத்து ஊரில் அவள் மாதிரி எடுக்க வேண்டியிருந்ததால் ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியும் எங்களோடு வந்தது. மாட்டுத்தாவணியில் பஸ் மாறும்போது நடத்துனர் படியிலேயே மறித்தார்.

"மீன் பெட்டி ஏத்தக் கூடாதுக்கா. போன வாரந்தேன் ஒராளு ஏத்திட்டு, பஸ்ஸக் கழுவக் கழுவ வாடை போகல."

"மீன் இல்லண்ணே. பாட்டிலு. தண்ணி எடுக்கப் போறோம்."

"ஐஸ் போட்டா?"

"ஆராய்ச்சிக்குண்ணே."

பூக்கூடையோடு முன் சீட்டில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "வஞ்சிரமா இருந்தா எனக்குக் கொஞ்சம் நிறுத்துக் குடு தங்கச்சி."

பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. பஸ்ஸே குனிந்து பார்த்தது. ஐஸ் நடுவே காலி பாட்டில்கள் வரிசையாக நின்றன.

"வெறும் பாட்டிலுக்கா ஐசு?" என்றார் நடத்துனர். "ஊருல குடத்தத் தூக்கிக்கிட்டு அலையிறோம். இவுக தண்ணிக்கு டிக்கெட் எடுத்துல்ல கூட்டிட்டுப் போறாக! சரி, ஏறுங்க, ஏறுங்க."

பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். பூக்காரப் பெண் இறங்கும்போது, நம்பிக்கை போகாமல், பெட்டியை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போனாள். காளவாசலில் இன்னொரு பஸ் மாறினோம். ஜன்னலோரம் வெயில் சாய்ந்து வந்து மடியில் உட்கார்ந்தது. வயல்கள், செங்கல் சூளை, மறுபடி வயல், திடீரென்று ஒரு கல்யாண மண்டபம். எனக்குத் தூக்கம் வந்தது. ஊருக்கு ஊர் தூக்கம் வருகிற இடம் மட்டும் மாறுவதில்லை, பஸ் ஜன்னல்தான்.

பாண்டியம்மாள் வாழை இலை வாங்கி வைத்திருந்தார். கருவாட்டுக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். கவிதாவுக்குத் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் சோறு. எங்களுக்கு வைத்த சோறு லேசாக மஞ்சள் பூத்திருந்தது. எங்கள் ஊரில் மஞ்சள் சோறு என்றால் விசேஷம். விருந்துக்காகச் செய்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

"மஞ்சள் போட்டு வடிச்சீங்களா?"

பாண்டியம்மாள் சிரித்தார். "மஞ்சளு எங்கிட்டு? போர் தண்ணியில வடிச்சா இப்புடித்தேன் பழுத்துப்போகும். இவளுக்கு மட்டும் கேன் தண்ணியில வடிக்கிறேன். எல்லாருக்கும் வடிக்கக் கட்டுமா?"

"கேன் தண்ணியா?"

"நேத்தும் இப்பவும் குடிச்சீகளே, அதுதேன்."

சொம்பைப் பார்த்தேன். ருசியில்லாத தண்ணீர். ஒத்தக்கடை விடுதி அறையில் குடித்த அதே தண்ணீர்.

"தெருவுல எல்லாரும் கேன் வாங்குறீங்களா?"

"வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். வர்ற ஆளுகளுக்கு. நோயாளிக இருந்தா அவுகளுக்கு."

"அப்போ நீங்க எதைக் குடிக்கிறீங்க?"

"எங்களுக்கென்ன, போர்தேன். கொதிக்க வெச்சுக் குடிக்கிறோம்ல."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கெட்டியாகும். அதை யோசிக்கும்போதே வேறொன்று தோன்றியது. கை இலையில் அப்படியே நின்றது.

"அன்னைக்கு ஜோதி குடுத்த பாட்டில்ல எதைப் பிடிச்சு வெச்சீங்க?"

அவர் உடம்பைத் திருப்பி ஜோதியைப் பார்த்தார். பிறகு என்னை. இதில் என்ன கேள்வி என்கிற முகம்.

"கேன்லருந்துதேன். பின்ன? வெளியூர்லருந்து வந்து வாசல்ல நின்டு தண்ணி கேட்டவுகளுக்கு அந்த உப்புத் தண்ணியவா புடிச்சுக் குடுக்குறது? எங்க தெருவுக்கு அம்புட்டு ரோசமத்துப் போச்சா?"

"எல்லா வீட்டிலயும் அப்படித்தானா?"

"பின்ன! ரெண்டு வீட்டுல கேன் தீந்துபோச்சு. அவுகளுக்கும் நாந்தேன் சொம்புல ஊத்திக் குடுத்தேன். பாட்டிலக்கூட நல்லா சோப்புப் போட்டு வெளக்கிட்டுத்தேன் ஊத்துனோம்."

ஜோதி பிசைந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "குழாயத் திறந்துதான் புடிச்சீங்களான்னு நான் கேக்கவே இல்ல மேடம். எங்க அம்மாவா இருந்தாலும் இதைத்தேன் செஞ்சுருக்கும்."

தெரு முழுக்க ஒரே மாதிரி எண்கள் வந்தன. ஒரே போர், அதனால் ஒரே எண் என்று நாங்கள் எங்களையே மெச்சிக்கொண்டோம். ஒரே லாரியிலிருந்து இறங்கிய தண்ணீர் அது. எங்கள் ஆய்வில் நச்சுகளை மட்டுமே தேடினோம். சாதாரண உப்பு எவ்வளவு என்று பார்த்திருந்தால், இது உப்பை நீக்கிய கேன் தண்ணீர் என்று அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நச்சு இல்லை என்றதும் யாரும் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

அங்கேயே சொல்லிவிட்டேன். பாட்டிலில் சுத்தமான தண்ணீர் இருந்ததால் இந்தத் தெருவுக்கு வடிகட்டி இல்லை என்று முடிவாகப் போகிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று.

பாண்டியம்மாள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்தார். பிறகு, "நல்ல தண்ணி குடுத்ததுக்கா?" என்றார்.

கவிதா தன் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "எங்க அத்தைக்கு இது தெரிஞ்சா விழுந்து விழுந்து சிரிக்கும்மா."

"சும்மா கெடடி. மறுபடி எடுக்கச் சொல்லுங்க தாயி. இப்ப வெவரம் தெரிஞ்சு போச்சுல்ல?"

நாளைக்குக் கேட்கிறேன் என்றேன். இலையில் இருந்த மஞ்சள் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வியாழன் மதியம், பேராசிரியருக்குக் காலை. திரையில் அவர் பின்னால் பனி வெளிச்சம், கையில் காப்பி. நடந்ததைச் சொன்னேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். எனக்கு நினைவில் நிற்பது தமிழில்தான்.

"எனக்குப் புரிகிறது. ஆனால் நமக்குப் பிடித்த எண் வரும்வரை அள்ளிக்கொண்டே இருக்க முடியாது" என்றார் அவர்.

"எனக்குப் பிடித்த எண் எதுவும் இல்லை. நாம் வாங்கியது அவர்கள் குழாய்த் தண்ணீர் அல்ல. விருந்தாளிக்கு வைத்திருக்கும் தண்ணீர்."

"ஒரு தெருவில் நடந்தது."

"ஒரு தெருவில் தெரிய வந்தது. எங்கள் ஊரிலும் பாட்டிலை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். என் சித்தி வீடும் அதில் ஒன்று. சித்தி எந்தக் காலத்திலும் குழாய்த் தண்ணீரை யாருக்கும் நேராகக் கொடுத்ததில்லை. வீட்டு ஃபில்டரில் பிடித்துக் காய்ச்சி, ஜாடியில் ஆறவைத்ததைத்தான் ஊற்றியிருப்பார். இன்று காலை போன் செய்து கேட்டேன். 'பின்ன பச்சைத் தண்ணியவா குடுப்பாங்க' என்று திட்டினார்."

அவர் காப்பியை வைத்துவிட்டார். அந்தப் பக்கம் பேனா மேசையில் தட்டும் சத்தம். என் பக்கம் மின்விசிறி. இவ்வளவு நாள் சேர்த்த எண்களைத் தனக்குள் அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது எனக்குக் கேட்டது. நானும் அதைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு குரல் உள்ளே மெதுவாகக் கொட்டாவி விட்டது. அதற்குப் பதில் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. வாய்தான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

கடைசியில் அவர்தான் பிரித்தார். கெட்டது என்று வந்த ஊர்கள் கெட்டவைதான், நல்ல தண்ணீர் எதுவும் அவற்றைக் கெடுத்திருக்க முடியாது. அவற்றுக்கு வடிகட்டிகள் திட்டப்படி கிளம்பட்டும். சுத்தம் என்று வந்த இடங்கள் எல்லாம் மறுபடி, இரண்டு நாட்டிலும். இனி நம் ஆள் நின்று பார்க்க, குழாயிலிருந்து நேராகப் பிடிக்க வேண்டும். அந்தத் தெருவைக் கழிக்க வேண்டாம், ஆனால் வரிசையின் கடைசிக்குப் போகும்.

"எப்போது முறை வரும்?"

"இந்த வருடம் இல்லை" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். சொல்லிவிட்டு, "அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்" என்றார். அதுவும் என் பக்கம் வந்தது.

சாயங்காலம் முருகேசனோடு காளவாசல் பட்டறைக்குப் போய் வேனை மீட்டோம். பக்கத்துத் தள்ளுவண்டியில் சுக்கும் கருப்பட்டியும் மணக்கப் பருத்திப்பால் குடித்தோம். என்ன முடிவானது என்று கேட்டார், சொன்னேன். டம்ளரின் அடியில் தங்கியதை விரலால் வழித்துக்கொண்டே, "அப்ப அந்தப் பிள்ளைக்கு முன்னாடி வராது" என்றார். அவ்வளவுதான் சாரம். நாங்கள் அதைப் பேசி முடிக்க ஒரு மதியம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை தெருவுக்குப் போனபோது பாண்டியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சொன்னேன். தெரு கழியவில்லை. மறுபடி பிடிக்கப் போகிறோம். வடிகட்டி வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால்.

"பேறுகாலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். ரொம்பப் பின்னாடி."

அவர் உடம்பு முழுவதையும் திருப்பி உள்ளே பார்த்தார். கவிதா நிலைப்படியில் கை வைத்து நின்றிருந்தாள்.

"நீ உங்க அத்தை வீட்டுக்குக் கெளம்புடி. உங்க மாமாவ வண்டி கொண்டாரச் சொல்றேன்."

"நான் போகல. கேன் தண்ணியில ஆக்கிப் போடு."

"இப்பத் தின்னுக்கிருவ. புள்ளை பொறந்தபெறகு குளிக்க, குடிக்க, மருந்து கரைக்க, எல்லாத்துக்கும் கேனு கட்டுமா? ஒரு நா இல்லாட்டி ஒரு நா அவசரத்துக்கு இதத்தேன் கைய வைப்பேன். எனக்கு என்னையவே தெரியும்ல."

"மொதப் பேறுகாலம்மா."

"தண்ணிக்குத் தெரியுமாடி மொதலு ரெண்டாவதுன்னு?"

கவிதா உள்ளே போனாள். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பேராசிரியரின் மன்னிப்பைச் சொன்னேன். பாண்டியம்மாள் தலையசைக்க முயன்று, தோளையும் சேர்த்து அசைத்தார். "அவுக என்ன செய்வாக" என்றார்.

தெருக்குழாயடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஜோதி விவரம் சொன்னாள்: இன்று எங்கள் கண்முன்னால், குழாயிலிருந்து நேராக. யாரும் பாட்டிலைக் கையில் வாங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். "எந்தக் கையால அதைப் புடிச்சுக் குடுக்கச் சொல்றீக? நாளைக்கு எந்த ஊருக்குப் போனாலும், இந்தத் தெருக்காரி என்ன தண்ணி குடுத்தான்னு பேச்சாகும்" என்றாள் ஒருத்தி.

வேனைத் துடைத்துக்கொண்டிருந்த முருகேசன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"மதினி, ஆஸ்பத்திரில ஒண்ணுக்கு டெஸ்ட்டுக்கு டப்பா குடுத்தா, பக்கத்து வீட்டுக்காரி ஒண்ணுக்கு நல்லா இருக்குன்னு கடன் வாங்கிட்டா போவீக?"

"அடச் சீ! பேசுற பேச்சைப் பாரு!" என்று ஒருத்தி துணி உதறுவதுபோல் கையை உதறினாள். இன்னொருத்தி சிரித்துவிட்டாள். பிறகு அடக்க முடியாமல் தெருவே சிரித்தது. நான் மதுரைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக, ஜோதி வாய்விட்டுச் சிரித்தாள்.

பாண்டியம்மாள்தான் முதலில் பாட்டிலை வாங்கினார். குனிய முடியாது அவருக்கு. முட்டியை மடக்காமல், ஒரு கையைக் குழாய்த் தூணில் ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, பாட்டிலைக் குழாய்க்கு அடியில் நீட்டினார். ஜோதி உதவிக்குப் போனபோது முழங்கையால் தள்ளிவிட்டார். தண்ணீர் விழுந்தது. பார்வைக்குப் பளிங்குதான். வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. எவ்வளவு பார்த்தாலும் அதில் ஒன்றும் தெரிவதில்லை; இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை.

மூடியைத் திருகி, ஈரத்தை முந்தானையில் துடைத்து, வீட்டுப் பெயரை எழுதுவதற்கு ஜோதியிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் வரிசையில் வந்தார்கள், பேசாமல், முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

பெட்டியை வேனில் ஏற்றினோம். தெருமுனையில் கவிதாவுக்கான கார் வந்து நின்றது. பாண்டியம்மாள் அங்கே போகாமல் முதலில் எங்கள் பக்கம் வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீட்டில் என் பக்கத்தில் இருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முருகேசன் வண்டியைக் கிளப்பினார், கியர் விழுந்தது. வேன் நகர நகர, அவரும் இரண்டு எட்டு கூட வந்தார்.

"தாயி, போற வழியில யாரும் தாகம்னு கேட்டா, இதை மட்டும் எடுத்துக் குடுத்துறாதீக."